மலையோரத்து நாலுகட்டு விடுதி

நாகர்கோவிலில் சொந்த வீடு இருக்க, அதே மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அப்பால் உள்ள ஒரு மலையோர விடுதியில் காசு கொடுத்துத் தங்கப் போகிறோம் என்றது எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வேறு ஊர்களில் பிரித்த பழைய மர வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் கொண்டுவந்து, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் வரும் நாலுகட்டு அமைப்பிலேயே அந்த விடுதியைக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால், பூதப்பாண்டிப் பக்கம் அப்படியொரு வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆனி மாதச் சாரலில் போனேன். நல்லதும் குறையும் கலந்து எழுதப்போவதால் விடுதியின் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு வீட்டைப் பிரித்து இன்னோர் இடத்தில் மறுபடியும் நிறுத்துவது காங்கிரீட்டில் நடக்காத காரியம். நம் பக்கத்துப் பழைய மர வீடுகளில் உத்திரமும் தூணும் கூரைச்சட்டமான கழுக்கோலும் பெரும்பாலும் ஆணியில்லாமல், ஒரு மரத்தின் நாக்கை மற்றொன்றின் துளையில் செருகி ஆப்பு அடித்து நிறுத்தப்பட்டவை என்பதால், ஆப்பைத் தட்டி எடுத்தால் வீடு பாகம் பாகமாகக் கழன்று வந்துவிடும். விடுதியின் முகப்பில் நின்ற தூண்களில் பலவும் அயனி என்னும் காட்டுப்பலா மரம். அம்மா உள்ளே நுழைந்ததும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தூண்கள் மட்டும் புதியவை என்றார். வரவேற்பில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையில் மழை வலுத்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. அதிலும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கத்து மலைச்சரிவுகளில் மழை வந்தால் எளிதில் விடாது. நாலுகட்டு வீடு இந்த மழையை மனதில் வைத்தே அமைக்கப்பட்டது. கூரை செங்குத்தாகச் சரிவதால் ஓட்டின்மேல் தண்ணீர் நிற்பதில்லை; இறவானம் சுவரைத் தாண்டி வெகுதூரம் தாழ்ந்து இறங்குவதால் சுவரும் திண்ணையும் நனைவதில்லை; நான்கு கூரைகளின் தண்ணீரும் நடுமுற்றத்தில் விழுந்து, கல்லில் வெட்டிய ஓவு வழியாக வெளியேறிவிடுகிறது. வெயில் காலத்தில் இதே முற்றம் வெப்பக்காற்றை மேலே போகவிட்டு, திண்ணைப் பக்கத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கும். விடுதிக்காரர்கள் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடாமல் விட்டிருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். நாலு பக்கமும் தண்ணீர்ச் சரம் இறங்க, கால் நனையாமல் சுற்றி வந்து சாப்பிடப் போனோம். கொடுத்த காசில் பாதிக்கு அதுவே போதும்.

மீதிப் பாதிக்குக் கணக்குக் கேட்க வேண்டியது அறையில்தான். சாய்வாக மரச்சட்டங்கள் அடுக்கிய அழகான சாளரம் அங்கே இருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது, காற்று மட்டும் தடையில்லாமல் வரும் என்பதற்காகச் செய்த சாளரம் அது. குளிரூட்டி வைத்ததனால் அதன் பின்னால் நிலையான கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். விளைவு, அந்த ஈரப்பதத்தில் அறை முழுவதும் பூஞ்சை வாடை. குளிரூட்டியை நிறுத்தினால் புழுக்கம், போட்டால் மலைக்குளிரோடு செயற்கைக் குளிரும் சேர்ந்து நடுக்கம். ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு அடித்து நடுவில் காற்றுக்கு இடம் விட்டிருக்கும் அறைக்கு, அதுவும் ஆனி மாதத்தில், அந்த இயந்திரம் எதற்கு? மின்விசிறியும் திறக்கக்கூடிய சாளரமும் கொசுவலையும் இருந்தால் போதும்.

வரவேற்பு மேசையாக அங்கே பயன்படுவது ஒரு பத்தாயம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் அறுத்து முடிந்ததும் நெல்லைக் கொட்டி வைத்த பெட்டியின்மேல் இப்போது கணினியும் அட்டை தேய்க்கும் கருவியும் இருக்கின்றன. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வயல்களே வீட்டுமனைகளாகிவிட்ட நாஞ்சில் நாட்டில் பத்தாயத்துக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? ஆனால் அடுக்களை எங்கே என்று அம்மா கேட்டபோது பின்புறம் தகரக்கொட்டகை ஒன்றைக் காட்டினார்கள். பழைய வீட்டில் அடுக்களையை ஒட்டியே கிணறு இருக்கும். உள்ளே நின்றபடியே தண்ணீர் கோரலாம். வீட்டின் பாதி உயிர் நடமாடிய அந்த மூலையை மட்டும் இவர்கள் எங்கிருந்தும் பிரித்துக் கொண்டுவரவில்லை.

கொட்டகையிலிருந்து வந்த சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. விருந்தினருக்கென்று அச்சடித்த பட்டியலில் நூடுல்சும் பன்னீரும் இருந்தன. பட்டியலில் இல்லாததைக் கேட்டோம். வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி), தேங்காய் அரைத்த மீன்கறியும் வந்தன. பரிமாறிய அக்கா, “இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா மக்களே?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது ஏழை வீடுகளின் வயிற்றைக் காத்தது அதுதான். பஞ்சத்தில் சோறான அந்தக் கிழங்கைப் பட்டியலில் போட விடுதிக்காரர்கள் கூச்சப்படுகிறார்கள் போலும். காலையில் புட்டும் பயறும் பப்படமும், கூடவே மட்டி வாழைப்பழமும் தந்தார்கள். விரல் நீளமே இருக்கும் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதை அறையில் ஒரு தாளில் எழுதி வைத்தால், வெளியூர்க்காரர்கள் அதைத் தொடாமல் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

விளம்பரத்தில் “காட்டின் நடுவே” என்று போட்டிருந்தார்கள். விடுதியைச் சுற்றி இருப்பது காடு அல்ல, ரப்பர் தோட்டம். வரிசை பிடித்து நட்ட ஒரே மரம். அதைத் தோட்டம் என்றே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக விற்றிருக்கலாம், ஏனென்றால் பார்க்கத் தகுந்தது அங்கே நடக்கும் வேலைதான். மழை வெறித்த ஒரு விடியலுக்கு முன், நெற்றியில் விளக்குக் கட்டிய பால்வெட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தது, மழைநீர் பட்டை வழியே இறங்கிச் சிரட்டையில் கலக்காமலிருக்க. பெருமழை நாளில் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. நாங்கள் ரசித்துக்கொண்டிருந்த மழையை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்பது திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவருக்கு உறைக்காமல் போகாது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இது: முதலில் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்புறம் விடுதிக்குப் போங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம்; தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. சாய்சட்டச் சாளரமும் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புத் தரையும் அங்கே வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன, அதைப் பார்த்த கண்ணோடு விடுதிக்குள் நுழைந்தால் எது வீட்டுக்காக வந்தது, எது படம் பிடிப்பதற்காக வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. விடுதியில் அறை எடுக்கும்போது, சாளரம் திறக்குமா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்மாடியில் கண்ணாடி பதிக்காத அறைகளும் இருப்பதாகக் கிளம்பும்போதுதான் சொன்னார்கள், வாடகையும் அவற்றுக்குக் குறைவாம்.