நவம்பரில் ஒரு டோர்ட்மண்ட் பயணம்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் என் கணவருக்கு வேலை கிடைத்தது. கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அதுவும் நவம்பரில். கோடையில் போனால் எந்த ஊரும் அழகாகத்தான் தெரியும்; குடியிருக்கப் போகிறவர்கள் அதன் குளிரையும் இருட்டையும் பார்த்தாக வேண்டும். ஐந்து வயது மகளோடு பத்து நாளுக்குக் கிளம்பினோம்.

சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தோம். காலையில் பால் வாங்கப் போனால் தெரு முழுக்கக் கடைகள் சாத்திக் கிடந்தன. ஞாயிறன்று அங்கே சட்டப்படியே விடுமுறை. ரயில் நிலையத்துக்குள் இருந்த கடைதான் கைகொடுத்தது. மாலை ஐந்து மணிக்குள் நன்றாக இருட்டிவிட்டது. "அம்மா, தூங்கப் போகணுமா?" என்று மகள் கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் வீடு பார்த்தோம். பழைய இரும்பாலை இருந்த இடத்தில் வெட்டிய ஃபீனிக்ஸ் ஏரிப் பக்கம் நடக்க ஆசையாக இருந்தது, வாடகை எட்டவில்லை. வேறு பகுதியில் ஒரு வீடு. வெளிச்சமான கூடம், மரத்தரை. சமையலறைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, மூலையில் அடுப்புக்கான மின்கம்பி சுருண்டு கிடந்தது. சிங்க், அலமாரி எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அங்கே அது சகஜமாம். வாடகையிலும் இரண்டு உண்டு: வீட்டுக்கு மட்டும் 'கால்ட்', ஹீட்டர், தண்ணீர், குப்பைச் செலவு சேர்ந்தால் 'வார்ம்'. முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தபடி கிரைண்டரை எங்கே வைப்பது என்று யோசித்தேன். யோசித்த பிறகுதான், பாதி மனசு வந்துவிட்டது என்று புரிந்தது.

ஒருநாள் ரயிலேறி ஹாம் நகருக்குப் போனோம். அங்கிருந்து பேருந்தில் ஊன்ட்ரோப். தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீட்டர் கோபுரத்தோடு காமாட்சி அம்மன் கோயில். ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்குச் செய்தது. மழையில் நனைந்த கோபுரத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை விசாரித்தார். எண்பதுகளில் வந்தவராம். ஜெர்மன் மொழியை 'டொச்' என்றார். "இருட்டு பழகிடும் பிள்ளை. முதல்ல டொச் படியுங்கோ. பாஷை இல்லாட்டி வீட்டுக்குள்ளயே இருக்கோணும்," என்றார். பத்து நாளில் யார் சொன்னதும் இவ்வளவு தெளிவாக இல்லை.

கோவை திரும்பிய மறுவாரமே ஜெர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 வகுப்பில் சேர்ந்தேன். அவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெயில் வந்ததும் கிளம்புகிறோம். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்றினால் போதும். கிரைண்டர் எங்களோடு வருகிறது.