இரண்டு வரிக்கு வந்த ஆக்கள்

மலர்க்குழு ஆக்கள் ரெண்டு மாசமா கேட்டுக்கொண்டிருக்கினம், "அண்ணை, பள்ளிக்கூட நினைவு ஒண்டு எழுதித் தாங்கோ" எண்டு. அதிபரைப் பற்றியும் பிக் மேட்சைப் பற்றியும் எழுத எத்தினையோ பேர் இருக்கினம், என்னை விட வடிவா எழுதுவினம். நான் எழுதப் போறது ஒரேயொரு தவணை வந்து படிப்பிச்சிட்டுப் போன ஒரு சேரைப் பற்றி. அதோட அமெரிக்கன் ரீவியில ஒரு கிழமைக்கு வந்து நடிச்சிட்டுப் போன கொஞ்ச நடிகரைப் பற்றியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள், ஆனா எனக்கு முப்பது வருசத்துக்கு மேலா ரெண்டும் ஒண்டாத்தான் மனசுக்குள்ள கிடக்கு.

1982. லீவில போன இங்கிலிஷ் ரீச்சருக்குப் பதிலா மூண்டாம் தவணைக்கு ஒரு சேர் வந்தவர். வயசு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும், ஒரு பழைய சைக்கிள், சேர்ட்டுக் கையை எப்பவும் முழங்கை மட்டும் மடிச்சு விட்டிருப்பார். பேர் போடேல்லை, அவரைக் கேக்காமல் போட எனக்கு மனமில்லை. பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் பழக்கிற பொறுப்பு அவரிட்டைப் போச்சுது. ராசா ராணிக் கதை. எனக்குக் கிடைச்சது தூதுவன் வேசம், ரெண்டே ரெண்டு வரி. படை தோத்துப் போச்சு, இளவரசரும் போயிட்டார் எண்டு சொல்லவேணும், கும்பிடவேணும், உள்ளுக்குப் போகவேணும். அவ்வளவுதான்.

நான் அதைத் தலைகீழாப் பாடமாக்கிக்கொண்டு போனன். சேர் கேட்டார், "நீ எங்கயிருந்து வாறாய்?" நான் "மேடைக்கு வலப்பக்கத்தாலை சேர்" எண்டன். "இல்லையடா, அதுக்கு முதல்? எத்தினை மைல் ஓடி வந்தனி? வழியில தண்ணி குடிச்சனியோ? உன்ர தமையன் ஆரும் அந்தப் படையில இருந்தவனோ?" எனக்கு ஒரு மறுமொழியும் வரேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் கிரவுண்டைச் சுத்தி மூண்டு தரம் ஓட விட்டிட்டு, மூச்சு வாங்கேக்கையே அந்த ரெண்டு வரியையும் சொல்லச் சொன்னவர், நான் சொல்லேக்க என்ர குரலே எனக்கு வேற ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டது, அண்டைக்குப் பிறகு அந்தத் தூதுவனுக்கு ஒரு தமையன் இருந்தவன், அவனை நான் போர்க்களத்தில விட்டிட்டுத்தான் வாறன் எண்டு ஒவ்வொரு ஒத்திகையிலயும் நினைச்சுக்கொண்டுதான் மேடைக்கு வாறனான்.

பிறகு நாட்டில என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1988 கடைசியில ரொறன்ரோ வந்து சேந்தன். வெலஸ்லி ஸ்ரீற்றுக்குக் கிட்ட ஒரு அபார்ட்மென்ற், ரெண்டு அறை, ஆறு பேர், நான் ரெஸ்ரோரன்ற் ஒண்டில கோப்பை கழுவிப்போட்டு நடுச்சாமத்துக்கு மேல வருவன், மற்றவை எல்லாம் படுத்திருப்பினம், சத்தத்தை நல்லாக் குறைச்சுப்போட்டு ரீவியைப் போட்டால் அந்த நேரத்தில விண்வெளிக் கப்பல் ஒண்டு கிரகம் கிரகமாப் போற பழைய அமெரிக்கத் தொடர் ஸ்ரார் ட்ரெக் போகும். இங்கிலிஷ் காது பழக எண்டுதான் பாக்கத் தொடங்கினது. 1966இல இருந்து 1969 மட்டும் எடுத்த 79 கதையள். இஞ்ச கனடாவில சீடிவி எண்ட ரீவி நிலையத்தில அது அமெரிக்காவுக்கு ரெண்டு நாள் முந்தி, 1966 செப்டெம்பர் 6ஆம் திகதியே தொடங்கினது எண்டு பிறகு அறிஞ்சன்.

கப்பலின்ர கப்டன் கேர்க்கையும், வல்கன் எண்ட வேற்றுக்கிரகத்து இனத்துக் கூர்க்காது ஸ்பொக்கையும் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனா என்னைப் பிடிச்சு இருத்தினது கெஸ்ற் ரோலுக்கு வந்த ஆக்கள்தான். ஒரு கதை ஆறு ஏழு நாளில எடுத்து முடிப்பினம். வாற நடிகருக்கு அந்த ஒரு கிழமைதான், அதுக்குள்ள ஒரு முழு உலகத்தை, எங்களுக்கு ஒண்டுமே தெரியாத ஒரு கிரகத்தை, தன்ர தோளில காவிக்கொண்டு வந்து காட்டவேணும். கதை முடிய கப்பல் போயிடும், அவர் அங்கயே நிப்பார். காசும் பெரிசா இல்லை. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி முதல் சில மறு ஒளிபரப்புக்கு மட்டும்தான் நடிகருக்குப் பங்கு, அதுக்குப் பிறகு உலகம் முழுக்க ஆயிரம் தரம் போட்டாலும் ஒரு சதம் இல்லை. எனக்கு இது இண்டைக்கும் மனசுக்கு ஏலாத விசயம்.

மார்க் லெனார்ட் எண்டொருத்தர். 1966இல எதிரிக் கப்பலின்ர தளபதியா வந்தவர், ரொமுலன் எண்ட வேற்றுக்கிரகத்து இனத்து ஆள். களைச்சுப் போன ஒரு போர்வீரன், சண்டையில விருப்பமில்லை, கடமை எண்டதால செய்யிறான், இதெல்லாத்தையும் வாய் திறந்து கனக்கச் சொல்லாமல் கண்ணாலையே சொல்லிப்போட்டார். நான் அந்த நேரம் சோபாவில இருந்து அழுதிருக்கிறன், ஏனெண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கும். அடுத்த வருசம் அதே மனுசன் ஸ்பொக்கின்ர தகப்பன் சாரெக்கா வந்தார். ஸ்பொக்கா நடிச்ச லெனார்ட் நிமோயை விட அவர் ஆறரை வயசுதான் மூப்பு, ஆனா தகப்பனும் மகனும் பதினெட்டு வருசமாக் கதையாமல் இருந்த அந்தப் பாரம் ரெண்டு பேரின்ர நிலையிலயே தெரியும். 1979இல வந்த ஸ்ரார் ட்ரெக் படத்தில கிளிங்கன் எண்ட இன்னொரு வேற்றுக்கிரகத்து இனத்துக் கப்டனாவும் நடிச்சார், ரொமுலன், வல்கன், கிளிங்கன் எண்ட மூண்டு இனத்துக்கும் முகம் குடுத்த முதல் நடிகர் அவர்தான். 1990இல, பிறகு வந்த ஸ்ரார் ட்ரெக் தொடர் ஒண்டில சாரெக்கை நினைவு தடுமாறுற கிழவனாக் கொண்டு வந்திச்சினம், என்ர அப்பாவின்ர கடைசிக் காலத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் பாக்க என்னால முடியேல்லை. 1996இல நியூயோர்க்கில காலமானார்.

கிளிங்கன் எண்டால் ரொறன்ரோ ஆக்கள் நாங்கள் கொஞ்சம் நெஞ்சை நிமித்தலாம். முதல் கிளிங்கன் தளபதி கோர், அதுக்கு நடிச்ச ஜோன் கொலிக்கோஸ் இந்த ஊரில 1928இல பிறந்தவர், தகப்பன் கிரேக்க ஆள். இருபத்திரண்டு வயசில லண்டன் ஓல்ட் விக் மேடையில கிழட்டு லியர் மன்னனா நிண்டவர், பிறகு 1964இல எங்கட ஒன்ராறியோ ஸ்ரட்ஃபோர்ட் விழாவிலயும் லியரா நடிச்சவர். 1967இல கிளிங்கன் வேசத்துக்குப் போகேக்க கிளிங்கன் எப்பிடி இருப்பான் எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது, மேக்கப் போடுறவர் இவரிட்டையே கேக்க, செங்கிஸ்கான் மாதிரிப் போடுங்கோ எண்டு இவர்தான் சொன்னவராம். ஒரு இனத்தின்ர முகத்தையே ஒரு கிழமை வேலைக்கு வந்த ஆள் தீர்மானிச்சிட்டுப் போயிருக்கிறார். பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட நினைக்கேக்க அவருக்கு வேற படம், வர முடியேல்லை, அதாலதான் 1968இல காங் எண்ட புதுத் தளபதியை உருவாக்கி மைக்கல் அன்சாராவைப் போட்டவை. சிரியாவில பிறந்து குழந்தையா அமெரிக்காவுக்கு வந்தவர் அன்சாரா, ஐம்பதுகளில அப்பாச்சி தலைவர் கொச்சீஸா ரீவியில பேர் எடுத்தவர். முகத்தில கொஞ்சம் கறுப்புத் தெரிஞ்சால் செவ்விந்தியன், இல்லாட்டில் வேற்றுக்கிரகத்து ஆள், அதுதான் அந்தக் காலத்து ஹொலிவூட் கணக்கு. 1994இல கொலிக்கோஸ், அன்சாரா, மூண்டாவது கிளிங்கனா நடிச்ச வில்லியம் காம்பெல், மூண்டு பேரையும் தலை நரைச்ச பிறகு பிறகு வந்த இன்னொரு ஸ்ரார் ட்ரெக் தொடரில ஒரே கதையில ஒண்டாச் சேத்து விட்டிச்சினம். நான் அதுக்கு லீவு போட்டுப் பாத்தனான்.

மொன்றியல் ஆக்களும் கோவிக்கக் கூடாது. கேர்க் மேல வழக்கு நடக்கிற கதையில நீதிபதியா இருக்கிற கொமடோர் ஸ்ரோன், அது பேர்சி ரொட்ரிகெஸ், மொன்றியல் பிள்ளை, ஆப்பிரிக்க, போர்த்துக்கேய வழி. மெசின் வேலை செய்து பிழைச்சுக்கொண்டு நடிச்சவர். அவற்ற உண்மையான பேர் ரொட்ரிகஸ், நாடக அறிவித்தலில ஆரோ எழுத்தைப் பிழையாப் போட அதோடையே இருந்திட்டார். என்ர பேரை இமிகிரேசனில முன்னுக்குப் பின்னாப் போட்டதை நினைச்சுப் பாத்தன். 1967இல ஒரு கறுப்பினத்தவர் உயர் அதிகாரியாக் கதிரையில இருக்க வெள்ளைக் கப்டன் முன்னால நிக்கிறது சின்ன விசயம் இல்லை, அதைப் பற்றிக் கதையில ஒருத்தரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை எண்டதுதான் இன்னும் பெரிசு. 1975இல வந்த சுறாப் படம் ஜோஸின்ர ட்ரெய்லரில பயமுறுத்துற குரலும் இவற்றதான்.

வில்லியம் மார்ஷலைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது. ஆறடிக்கு மேல உயரம், நிலத்துக்குக் கீழ இருந்து வாற மாதிரிக் குரல், மேடையில ஒதெல்லோவா எத்தினையோ தரம் நிண்டவர். 1968 மார்ச் 8ஆம் திகதி போன கதையில உலகத்திலேயே பெரிய கொம்பியூட்டர் விஞ்ஞானியா வந்தார். நாலு கிழமையில மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுப்போட்டாங்கள். அந்த விஞ்ஞானி இருபதுகளில பெரிய கண்டுபிடிப்பைச் செய்திட்டு, அதுக்குப் பிறகு ஒண்டும் சரிவராமல் உள்ளுக்குள்ள உடைஞ்சு போன ஆள், மார்ஷல் அதை நடிச்ச விதத்தைப் பாத்தால் கெட்டிக்காரப் பெடியள் எண்டு ஊர் கொண்டாடின எங்கட வகுப்புப் பெடியள் சிலபேரின்ர முகம் எனக்குத் தெரியும். 1972இல அவருக்கு இரத்தக்காட்டேரி வேசம் ஒண்டு வந்தது, பிளக்குலா எண்ட படம். சும்மா பேயா வர மாட்டன் எண்டு சொல்லி, அந்தப் பாத்திரம் ஒரு ஆப்பிரிக்க இளவரசன், அடிமை வியாபாரத்தை நிப்பாட்டச் சொல்லிக் கேக்கப் போய்ச் சபிக்கப்பட்டவன் எண்டு கதையையே மாத்த வைச்சவர் அவர். வாசிச்ச உடன எனக்கு எங்கட சேரின்ர குரல்தான் கேட்டது. எங்கயிருந்து வாறாய், அதுக்கு முதல்?

மரியெற் ஹார்ட்லி, 1969இல பனி மூடின குகைக்குள்ள தனியா விடப்பட்ட பெண்ணா வந்தவ. ஸ்பொக் காதலிச்ச ஆள். கதை முடிய அவவைத் திரும்பத் தனியா விட்டிட்டுத்தான் வருவினம். அவவின்ர தாயின்ர தகப்பன் ஜோன் வொட்சன், மனோதத்துவத்தில பெரிய பேர், பிள்ளையளைக் கட்டிப்பிடிக்காதேங்கோ, கொஞ்சாதேங்கோ எண்டு 1928இலயே புத்தகத்தில எழுதினவர். அந்த வீட்டில வளந்தவ, தகப்பன் தற்கொலை செய்தவர். அவ அதை மூடி மறைக்காமல் வெளியில கதைச்சு, 1987இல தற்கொலைத் தடுப்புக்கான அமெரிக்க அமைப்பைத் தொடங்கின ஆக்களில ஒருத்தியா நிண்டவ. இன்னொரு ரீவித் தொடரில ஒரேயொரு கதைக்கு வந்து நடிச்சதுக்கு 1979இல எமி விருது, அதுவும் முன்னணி நடிகை எண்ட பிரிவில. ஒரு கதைக்கு!

ரிக்கார்டோ மொந்தல்பான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள், நான் கனக்க எழுதேல்லை. மெக்சிக்கோக்காரர், கான் எண்ட சீக்கியனா 1967இலயும் 1982இலயும் நடிச்சவர். 1951இல படப்பிடிப்பில குதிரையால விழுந்து முதுகெலும்பில பட்ட காயத்தோட சாகுமட்டும் வாழ்ந்தவர், அந்த நிமிந்த நடைக்குப் பின்னால அவ்வளவு நோ.

இப்ப நான் உண்மையாச் சொல்ல வந்த ஆள். ஜெஃப் கோரி. 1969 பெப்ரவரியில போன கதை, முகிலுக்கு மேல மிதக்கிற நகரம் ஒண்டு, அங்க கலையும் பாட்டுமா இருக்கிற மேட்டுக்குடி, கீழ சுரங்கத்துக்குள்ள நச்சு வாயுவோட வேலை செய்யிற சனம். மேல் நகரத்துத் தலைவரா கோரி வாறார், தான் செய்யிறது அநியாயம் எண்டு ஒரு துளியும் சந்தேகம் இல்லாத ஆள். உண்மையில அவர் அதுக்கு நேர் எதிர். 1951இல அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில கொம்யூனிஸ்ட் ஆக்களின்ர பேரைச் சொல்லு எண்டு கேக்க, மாட்டன் எண்டவர். அதோட பன்னிரண்டு வருசத்துக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோவும் வேலை குடுக்கேல்லை. கூலி வேலையும் செய்தவர். பிறகு வீட்டுக் கராஜுக்குள்ள நடிப்பு வகுப்பு வைச்சார். ஜேம்ஸ் டீன், ஜாக் நிக்கல்சன் எல்லாம் அந்தக் கராஜில படிச்ச ஆக்கள். அவருக்கு வேலை தர மாட்டம் எண்ட ஸ்ரூடியோக்களே தங்கட நடிகரை அவரிட்டைப் படிக்க அனுப்பினவை.

அந்தக் கராஜில படிச்ச இன்னொருத்தர் லெனார்ட் நிமோய்.

இதை வாசிச்சிட்டு அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் பாத்தன். ஸ்பொக் அந்தத் தலைவருக்கு முன்னால வந்து நிக்கிறார். மாணவன் உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஹீரோ, வாத்தியார் ஒரு கிழமைக்கு வந்த விருந்தாளி. கதைக்குள்ள ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம். ஆனா நிமோய் கேட்டுக்கொண்டு நிக்கிற அந்த நிலையைப் பாருங்கோ, மற்ற ஆள் கதைக்கேக்க முழுசாக் காது குடுக்கிறது, அதை ஆர் பழக்கினது எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. நான் ரீவியை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே இருட்டுக்குள்ள இருந்தன்.

பரிசளிப்பு விழாவுக்கு ஒரு கிழமை முந்தி ரீச்சர் லீவு முடிஞ்சு வந்திட்டா. சேருக்கு வேலை முடிஞ்சுது. நாடகத்தை ரீச்சர்தான் பொறுப்பெடுத்தவ, அறிவித்தல் தாளிலயும் சேரின்ர பேர் இல்லை, எங்களுக்கு அதைக் கேக்கிற தைரியமும் இல்லை. எண்டாலும் அண்டைக்குப் பின்னேரம் நான் வேசத்தோட மண்டபத்துக்குப் பின்னால நிண்டு பாக்கேக்க, கடைசி வாசல் கதவோட, உள்ளுக்கும் வராமல் வெளியிலயும் போகாமல், மடிச்ச சேர்ட்டுக் கையோட சேர் நிக்கிறார். சைக்கிள் வெளியில மதிலோட சாத்தியிருந்தது. நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் கிரவுண்டுக்குப் போய் மூண்டு சுத்து ஓடிப்போட்டு நேர மேடைக்கு ஏறினன். ரெண்டு வரியையும் சொன்னன். சபையில ஒரு சத்தம் இல்லை. கும்பிட்டிட்டு உள்ளுக்கு வந்து, தாடியைக் கூடக் கழட்டாமல் பின்பக்கத்தாலை வாசலுக்கு ஓடினன்.

மதிலடியில சைக்கிள் இல்லை.