இமை மடிந்த கண்ணுக்கு விங் ஐலைனர்: ஒருவழியாக வந்துவிட்டது

விங், அதாவது கண்ணின் வெளி ஓரத்திலிருந்து வால் மாதிரி மேல்நோக்கி நீளும் ஐலைனர் கோடு, இப்போது எனக்கு ஒழுங்காக வருகிறது. ஆனால் அதுவரை பார்த்த வீடியோக்கள் மீது கோபம் இன்னும் தீரவில்லை. எல்லாரும் ஒரே பாடம்தான் சொல்கிறார்கள்: கண்ணை மூடு, ஓரத்தை விரலால் இழு, கோட்டைப் போடு. மூடுவது, இழுப்பது, என் கண்ணுக்கு இரண்டுமே ஆகாது. புருவத்துக்குக் கீழே இருக்கிற தோல் மடிந்து இமைமேல் இறங்கி நிற்கும், ஹூடட் ஐஸ் என்பார்களே, அந்த ரகம். மூடியிருக்கும்போது கத்தி மாதிரி நிற்கிற கோடு, திறந்ததும் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டு வால் மட்டும் தனியாகத் தொங்கும். இழுத்துப் போட்டாலோ, கையை எடுத்த உடனே தோலோடு சேர்ந்து கோடும் நெளிந்துவிடும். இப்படிக் கண் உள்ளவர்கள் எவ்வளவோ பேர், அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தபோதுதான் சரியாக வந்தது. கண்ணாடியை நேராகப் பார்த்து, சிரிக்காமல், புருவத்தைத் தூக்காமல், முதலில் வாலைப் போட்டுவிட வேண்டும். கீழ் இமையின் ஓரம் அப்படியே புருவ நுனியைப் பார்த்து நீண்டால் எப்படிப் போகுமோ, அதுதான் சாய்வு. அப்புறம் வாலின் நுனியிலிருந்து மடிப்பைத் தாண்டியே கோட்டை உள்ளே கொண்டுவந்து இமைக்கோட்டோடு சேர்த்து, நடுவை நிரப்புங்கள். கண்ணை மூடினால் அந்த இடத்தில் கோணலாக ஒரு வெட்டு தெரியும், அதைத் திருத்தப் போகாதீர்கள், திறந்தால் ஒரே கோடுதான். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது.

இன்னொன்று, ஒரு கண்ணை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இரண்டு வாலையும் மெல்லிசாகப் போட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, பிறகு நிரப்புங்கள். இல்லாவிட்டால் இதற்கு அது, அதற்கு இது என்று சமப்படுத்தியே கோடு தடித்துப்போகும். நேர்த்தியான தோற்றம் வேண்டுமென்றால் வால் குட்டையாக, மெல்லிசாக இருக்கட்டும். பகலில் எனக்குக் கறுப்பைவிட அடர் பழுப்புதான் பிடித்திருக்கிறது.

கண்ணோரத்தில் டேப் ஒட்டி, அதன் விளிம்பை ஒட்டி வரையும் வித்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லியது, உரித்தபோது எனக்குச் சிவந்து எரிந்தது. நுனி கூராக வேண்டுமென்றால் தட்டையான பிரஷ்ஷில் துளி கன்சீலர் (தோல் நிறத்திலேயே இருக்கும் மறைப்புக் க்ரீம்) தொட்டு, வாலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, போதும்.

பழகும்போது எது வாங்குவது? கடையில் ஜெல் ஐலைனர் டப்பாவைத் தலையில் கட்டினார்கள், அதற்குச் சாய்ந்த பிரஷ் தனியாக வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பேனா வகைதான் சுலபம். மூடியை இறுக்கி, நுனி கீழே இருக்கும்படி வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் மை இறங்கி நுனி காய்ந்துவிடும்.

ஐலைனர் மை ஒட்டி மேல் மடிப்பில் அச்சு விழுவதுதான் எங்களைப் போன்றவர்களின் நிரந்தரத் தலைவலி. வரையும் முன் இமையில் எண்ணெய்ப் பசையை ஒற்றி எடுத்து லேசாகப் பவுடர் போட்டேன், வரைந்த பிறகு மை காயும் வரை கீழே பார்த்தபடி இருந்தேன், அச்சு நின்றது. வாட்டர்ப்ரூஃப் என்றால் கலைக்கும்போது வெறும் தண்ணீரில் தேய்த்துப் போராடாதீர்கள். எண்ணெய் கலந்த ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் துடைத்தால் தானாக வந்துவிடும்.