பார்டர் பரோட்டாவில் தொடங்கிக் களியக்காவிளை மீன் குழம்பு வரை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் மதுரை வந்து சேர்ந்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் இந்த மூன்று நாளில் பார்த்ததை இப்போதே எழுதாவிட்டால் பாதி மறந்துபோகும், அதனால் உட்கார்ந்துவிட்டேன். தென்காசியில் தொடங்கி, செங்கோட்டை, நாகர்கோவில், தக்கலை, புதுக்கடை, களியக்காவிளை என்று ஒரு சுற்று. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம் மாநிலத்தில் இல்லாமல், அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கையில் 3,500 ரூபாய். பஸ், ரூம், சாப்பாடு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பரோட்டா. தென்காசியில் இறங்கி, பசியோடு நேராகப் பிரானூர் பார்டருக்குப் போய்விட்டேன். இலையில் நாலு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது ஊறும்வரை சால்னாவை ஊற்றி, பக்கத்தில் ஒரு பெப்பர் சிக்கன் வைத்தார்கள். மதுரைக்காரனாகச் சொல்கிறேன், நம் ஊர் சால்னாவில் இந்த மணம் கிடையாது. கோபித்துக்கொள்பவர்கள் ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து கோபித்துக்கொள்ளுங்கள். 230 ரூபாய் ஆனது, கொடுத்த காசுக்குக் குறையில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் கேட்டேன், இங்கே எங்கே அண்ணே பார்டர் இருக்கிறது என்று. கேரள எல்லை அங்கிருந்து இன்னும் மேற்கே, புளியரை தாண்டி மலை மேலே கோட்டைவாசலில் இருக்கிறது. அப்படியிருக்க இந்த ஊருக்கு எதற்குப் பார்டர் என்று பேர்? கல்லாவில் இருந்தவர் சொன்னார்: "அந்தக் காலத்துப் பார்டர் இதுதான் தம்பி. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் மகாராசா." மதராஸ் மாகாணம் அங்கே முடிந்து, மகாராசா ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கியிருக்கிறது. எல்லை 1956-இல் மலைக்கு நகர்ந்துவிட்டது, ஊர் வாயில் பேர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் கண்டக்டர் "பார்டர் இறங்கு" என்றுதான் கூவுகிறார்.

செங்கோட்டைக்குள் நுழைகிற பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையைப் பார்த்தேன். பாளையங்கோட்டைக்கும் செங்கோட்டைக்கும் இருக்கிற தூரத்தை நினைத்துப் பாருங்கள், இது எப்படி இன்னொரு நாடாக இருந்தது என்று தோன்றும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். பள்ளியில் எத்தனையோ முறை வாஞ்சியைப் பற்றிப் படித்திருக்கிறேன், அவர் ஒரு சமஸ்தானத்துப் பிரஜை என்பது அந்த வளைவுக்குக் கீழே நிற்கும்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி தென்காசியில் 600 ரூபாய் ரூம். கொசு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மறுநாள் திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் போன பஸ்ஸைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை பிடித்ததும் என் இடது தோள் முழுக்க நனைந்து, பையில் இருந்த நோட்டும் நனைந்தது. மாற்றி உட்கார இடம் இல்லை. கேட்டால், வண்டி டிப்போவுக்குப் போனால்தான் சரி செய்ய முடியும் என்று பதில் வந்தது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன் குடை பிடித்துக்கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

தக்கலையில் இறங்கியதும் ஆட்டோ. பத்மநாபபுரம் அரண்மனை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும், 250 ரூபாய் கேட்டார். மழை என்றார், திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்றார். 150-க்கு இறங்கி வந்தபோதும் எனக்கு மனசு வரவில்லை, நடந்தே போய்விட்டேன். மழை விட்டிருந்தது, நடக்க நன்றாகவே இருந்தது. நீங்களும் நடந்து போங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அரண்மனை மூடியிருக்கும்.

அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டு மண்ணில். ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மாவட்டம் இந்தப் பக்கம் வந்தபோது அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரத்துக்கு மாற்றும்வரை திருவிதாங்கூரின் தலைநகரமே இதுதான், அவர்களுக்கு அந்த உரிமை உணர்வு இருப்பதில் தப்பே இல்லை. பராமரிப்பையும் பாராட்டியே ஆக வேண்டும். கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்குகிற அந்தத் தரையில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையில் ஒரு சுவரோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். சம்பளம் கேரளத்திலிருந்து, ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். அவர் சொன்ன நவராத்திரிக் கதையைக் கேட்டதும் இன்னொரு தடவை வந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வருஷா வருஷம் இந்த அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, மூன்று பேரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறுகிறது, இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுக்கிறது, களியக்காவிளையில் அந்தப் பக்கத்து ஆட்கள் வரவேற்று அழைத்துப் போகிறார்கள். பூஜை முடிந்து சாமிகள் திரும்பி வந்துவிடும். தலைநகர் மாறியதால் தொடங்கிய பழக்கம் மாநிலம் மாறிய பிறகும் நிற்கவில்லை. "ஒரு கொல்லமும் முடங்கப்பிடாது கேட்டியா" என்றார். கொல்லம் என்றால் வருஷம். அவர் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் அது தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள்தான் மனசைப் பிசைந்தது. மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடைக்கு டவுன் பஸ். வாழைத்தோட்டம், ரப்பர், சின்னச் சின்னச் சர்ச்சுகள், மறுபடி வாழை. புதுக்கடை ஒரு சாதாரண ஜங்ஷன்தான். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் இங்கேயும் போலீஸ் சுட்டதில் பலர் செத்துப்போனார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அன்றைக்கு விடுதலை நாள் என்று அறிவித்திருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான மார்ஷல் நேசமணியும் கூட இருந்தவர்களும் மூணாறு பக்கத்துத் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதாகியிருந்தார்கள். சுட்டது, திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசின் போலீஸ். அவர் பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். சொந்தக் கட்சி அரசைப் பார்த்து அப்படிக் கேட்க எவ்வளவு நேர்மை வேண்டும்!

டீக்கடைத் திண்ணையில் இருந்த ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். "மக்ளே, எங்கப்பா அண்ணைக்கு சந்தைக்கு வந்தவரு, ஓடித் தப்பிச்சாரு" என்றார். அவருக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியவில்லை என்பதுதான் அவருக்கு நினைவிருக்கிறதாம். டீக்குக் காசு வாங்க விடவில்லை.

வடக்கு எல்லை என்றால் ம.பொ.சி.யும் திருத்தணியும் உடனே வாயில் வருகிறது, வர வேண்டியதுதான். தெற்கே நேசமணியையும் குஞ்சன் நாடாரையும் மதுரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரிய உதயத்தைப் படம் பிடித்துவிட்டு, கிளிஞ்சல் மாலை வாங்கித் திரும்புகிறோம். அந்த முனை எப்படி நம் வரைபடத்துக்குள் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மாநில மறுசீரமைப்புக் கமிஷனில் இருந்த பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூன்று பேரும் சேர்ந்து 1955-இல் கொடுத்த அறிக்கையின்படி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தன. நேசமணி தரப்பு கேட்டது அதற்கும் மேலே: நெய்யாற்றின்கரை, சித்தூர், தேவிகுளம், பீர்மேடு. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர்கள் அதிகம், ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து போகிறவர்கள் என்று சொல்லிக் கமிஷன் கணக்கில் எடுக்கவில்லை. கொழுந்து பறித்து அங்கேயே பிள்ளை பெற்று அங்கேயே புதைக்கப்பட்டவர்களை எப்படி வந்து போகிறவர்கள் என்று சொல்ல முடியும்? நான் இதை ஏற்கவே மாட்டேன். முல்லைப் பெரியாறு அணை அந்தப் பீர்மேட்டில்தான் இருக்கிறது. 1886-இல் 999 வருஷத்துக்குக் குத்தகை போட்டு, 1895-இல் கட்டி முடித்த அணை. என் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

மதியம் களியக்காவிளை. எல்லைக்கு நாலு எட்டு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கடையில் மரவள்ளிக்கிழங்கு மசித்தது, குடம்புளி போட்ட சாளை மீன் குழம்பு, சம்பா அரிசிச் சோறு. மூன்று நாளில் சாப்பிட்டதில் இதுதான் உச்சம், பார்டர் பரோட்டாவைவிட ஒரு படி மேலே. 120 ரூபாய்! பரிமாறிய அக்கா அடுக்களைக்குள் மலையாளத்தில் கத்தி, என்னிடம் தமிழில் இன்னும் கொஞ்சம் கிழங்கு வைக்கட்டுமா என்று கேட்டார். வீட்டில் மலையாளம்தான், பிள்ளைகள் தமிழ் மீடியம், ஓணத்துக்கு இந்த மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை என்று சொன்னார். 1956-இல் இவருடைய தாத்தா பாட்டியை யாரும் கேட்டுக் கோடு போட்டிருக்க மாட்டார்கள். தேவிகுளத்துக்காக நான் கோபப்பட்டால், இவருக்காகவும் கொஞ்சம் யோசித்தாக வேண்டும்.

பக்கத்து மேசையில் சாப்பிட்ட விவசாயி ஒருவர் கேரளத்திலிருந்து வர வேண்டிய நெய்யாற்றுத் தண்ணீர் பற்றி ஆரம்பித்தார். இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுக்கும் சேர்த்துத்தான் வெட்டப்பட்டது, 2004-இல் தண்ணீர் நின்றுபோனது, கால்வாயில் இப்போது புதர்தான் இருக்கிறது என்றார். "ஒரே சர்க்கார் இருந்தப்ப வெட்டின வாய்க்கால் தம்பி" என்று இரண்டு தடவை சொன்னார். நடந்தே எல்லையைத் தாண்டி இஞ்சிவிளைப் பக்கம் போய் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினேன். போர்டில் எழுத்து மாறியது, வாழைக்குலையும் மீன்காரி குரலும் மாறவில்லை.

செலவு விவரம் தருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா: மொத்தம் 4,120 ரூபாய், நினைத்ததைவிட 620 அதிகம். நாகர்கோவில் ரூம் 900 வாங்கிவிட்டார்கள், அப்புறம் வீட்டுக்கு மட்டிப்பழமும் நேந்திரம் சிப்ஸும். அடுத்தது தேவிகுளம், பீர்மேடு. சீசன் இல்லாத மாதத்தில் மூணாறில் 800 ரூபாய்க்குள் சுத்தமான ரூம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஐப்பசிக்குள் போய்விட வேண்டும்.