வைவாவில் என்னை மடக்கிய தொப்புள்கொடி

எம்.எஸ்சி. பயோடெக் கடைசி செமஸ்டரில், தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) பிரித்து வளர்ப்பதுதான் என் புராஜெக்ட். தண்டையார்பேட்டை வீட்டில் சொன்னதும் ஆயா, "உன் கொடியக் காயவெச்சு தாயத்துல போட்டு இடுப்புல கட்டுனேன், அதையாடா படிக்கிற?" என்று சிரித்தது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். "கொடி ரத்தத்தில் இருப்பதும் கொடித் திசுவில் இருப்பதும் ஒரே செல்தானா?" ஆமாம் சார் என்றேன். இல்லை. கொடி ரத்தத்தில் முக்கியமாகக் கிடைப்பது ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல். 1988இல் பாரிஸில் ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள சிறுவனுக்கு ஏற்றியது அதைத்தான். எலும்பு, குருத்தெலும்பு கட்ட நமக்கு வேண்டியது மீசென்கைமல் செல் என்ற இன்னொரு வகை ஸ்டெம் செல். கொடிக்குள் இரண்டு தமனி, ஒரு சிரை, அவற்றைச் சுற்றி வழவழவென்று இருக்கும் வார்ட்டன் ஜெல்லி: அந்த ஜெல்லிதான் அதற்கு இடம். குறுக்குவெட்டை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள், ஜென்மத்துக்கும் குழம்பாது.

லேபில் கொடியை நீளவாக்கில் பிளந்து ரத்தக்குழாய்களை உருவி எடுப்பது, காசிமேட்டு மீனை ஆய்ந்து பழகிய கைக்குப் பெரிய விஷயமில்லை. நான் கெடுத்தது அடுத்த கட்டத்தில். ஜெல்லித் துண்டுகள் தட்டில் ஒட்டுவதற்கு முன்பே மீடியத்தை (செல் வளரும் ஊட்டத் திரவத்தை) மடமடவென ஊற்றினேன், எல்லாம் மிதந்துவிட்டன. ஒரு வாரம் போச்சு. அடுத்த முறை துளித்துளியாக விட்டு, இரண்டு நாள் தட்டைத் தொடவே இல்லை. பத்தாம் நாள் மைக்ராஸ்கோப்பில் நெத்திலிக் கூட்டம் மாதிரி ஒரே பக்கம் தலைவைத்து செல்கள் வரிசையாகக் கிடந்தன.

ஆனால் வடிவத்தை மட்டும் காட்டி வைவாவில் தப்பிக்க முடியாது. இணைப்புத் திசுவில் இருக்கும் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லும் அப்படித்தான் தெரியும். மீசென்கைமல் செல்லுக்கு 2006இல் வகுத்த அளவுகோலைச் சொல்ல வேண்டும்: பிளாஸ்டிக்கில் ஒட்டணும், செல்லின் மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற அடையாளப் புரதங்கள் இருக்கணும், சிடி34, சிடி45 இருக்கக்கூடாது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாறணும். மாறியதைக் காட்டும் சாயங்கள்: எலும்பில் படியும் கால்சியத்துக்கு அலிசரின் ரெட், கொழுப்புக்கு ஆயில் ரெட் ஓ, குருத்தெலும்புக்கு ஆல்சியன் புளூ. இந்தச் சாயங்களை இடம் மாற்றிச் சொல்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

"செல்லை எதன்மேல் வளர்ப்பாய்?" என்றும் கேட்பார்கள். கொலாஜன் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். செல்களை நீக்கிய பனிக்குடச் சவ்வே செல்கள் பற்றி வளர நல்ல சாரமாகும் (ஸ்கேஃபோல்ட்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் அதைச் சொன்ன பிறகுதான் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) பேனாவை மூடினார்.