நெபோஷ் தேர்வுக்குப் புத்தகம் தேடிய நாட்கள்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

பணியிடப் பாதுகாப்புக்குத் தேர்வு நடத்தும் பிரிட்டன் அமைப்பான நெபோஷின் சர்வதேசப் பொதுச் சான்றிதழுக்குப் படிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருச்சியில் இந்தப் பெயரைச் சொன்னாலே, "எந்த நாட்டுக்குக் கிளம்புகிறாய்?" என்றுதான் கேட்பார்கள். நான் எங்கும் கிளம்பவில்லை. நான் படிக்க நினைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை எழுத மனம் கூடும் நாளில் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு தேர்ச்சி பெற்ற சீனியர் ஒருவர் இன்று தன்னிடம் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தார். செங்கல் கனத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்று, ஒரு பென் டிரைவ். பென் டிரைவைத் திறந்தால் முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

செங்கல் புத்தகத்தை இரண்டு இரவுகள் படித்த பிறகுதான் கவனித்தேன். அது பழைய பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது. அப்போது தேர்வு மூன்று பகுதிகள். 2018இல் பாடத்திட்டத்தை மாற்றி இரண்டாக்கிவிட்டார்கள். ஐஜி1 நிர்வாகம் பற்றிய எழுத்துத் தேர்வு. ஐஜி2, நாம் வேலை பார்க்கும் இடத்திலேயே செய்து காட்ட வேண்டிய இடர் மதிப்பீடு. மொத்தம் பதினோரு பாடங்கள். முதல் நான்கு ஐஜி1க்கு, மீதி ஏழு ஐஜி2க்கு.

இதையெல்லாம் சொல்வது நெபோஷின் பாடத்திட்டக் கையேடு. இலவசமாகவே கிடைக்கிறது. என் கைக்கு முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான். இன்று அச்செடுத்து, ஒவ்வொரு பாடத் தலைப்புக்கும் பக்கத்தில் பட்டறையின் எந்த மூலை அதற்குப் பொருந்தும் என்று பென்சிலால் குறித்தேன். ரசாயனப் பாடத்துக்கு பெயிண்ட் ஷெட், மின்சாரத்துக்கு வெல்டிங் பே, உடல் வலிப் பாடத்துக்கு பிளேட் தூக்கும் இடம். ஒரு மூலையும் மிஞ்சவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜெராக்ஸ் கட்டு முழுக்கக் கேள்வி-பதில். பென் டிரைவில் பாதிக்கு மேல் அதேதான். போதாததற்கு, "தேர்ச்சி உறுதி, விடை எழுதித் தரப்படும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வேறு வந்திருக்கிறது.

ஐஜி1 இப்போது திறந்த புத்தகத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், 24 மணி நேரம் அவகாசம். இதைக் கேட்டுவிட்டுப் பலர், விடைத் தொகுப்பு ஒன்று கையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வினாத்தாளின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் கதை இருக்கும். அங்கே யார் என்ன சொன்னார், எது உடைந்திருந்தது, எந்தப் பயிற்சி நடக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கதையில் வரும். நம் விடைக்கு அதிலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்ட வேண்டும். மனப்பாடம் செய்த பொது விடைக்கு அங்கே என்ன மதிப்பு? எழுதி முடித்த பிறகு ஒரு நேர்காணலும் உண்டு, விடை நம்முடையதுதானா என்று பார்க்க.

ஜெராக்ஸ் கட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, முந்தைய தேர்வுகளைப் பற்றி நெபோஷ் வெளியிட்ட தேர்வாளர் அறிக்கைகளை எடுத்து வைத்திருக்கிறேன். மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்று அவை சொல்கின்றன. 'குறிப்பிடு' என்றால் எவ்வளவு எழுதுவது, 'விளக்கு' என்றால் எவ்வளவு எழுதுவது என்ற வேறுபாட்டை அறிந்துகொள்ளவே ஒரு மாலை போயிற்று. வீணான மாலை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எந்த நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதியது என்று பார்க்காமல் எதையும் படிக்கக் கூடாது. உயரத்தில் வேலை செய்வதையே எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் ஒரு கோப்பு ஆறடியிலிருந்தே விழாமல் தடுப்பு வேண்டும் என்கிறது. அது அமெரிக்கக் கட்டுமான விதி. இன்னொன்று 2 மீட்டர் என்கிறது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவில் 1987 திருத்தத்துக்கு முன்பு இருந்தது அது. பிரிட்டனில் 2005 விதிகளுக்குப் பிறகு இத்தனை மீட்டர் என்ற எல்லையே கிடையாது. விழுந்தால் அடிபடும் என்றால் அது உயரம்தான். மூன்றையும் ஒரே நோட்டில் கலந்து எழுதியவர், படிப்பவனைக் குழப்பத்தில் தள்ளிவிட்டார்.

பயிற்சி மையங்களையும் விசாரித்தேன். பணம் கட்டுமுன் மூன்றாம் பாடத்தின் குறிப்பை மட்டும் காட்டுங்கள் என்று கேட்டேன். ஒரு மையம் மறுத்துவிட்டது. இன்னொரு மையத்தில் உட்கார வைத்துப் படிக்கவே கொடுத்தார்கள். அங்கேதான் சேர்ந்திருக்கிறேன். புத்தகம் 2018 பாடத்திட்டத்துக்கே எழுதப்பட்டது, சுருக்கமானது. வழுக்கி விழுவதற்குப் பனி மூடிய நடைபாதையைப் படம் போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்க ஓரத்தில் 'பிரஸ் ஷாப், ஆயில் கசிவு' என்று எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆங்கிலத்தில் 'ஹசார்டு' வேறு, 'ரிஸ்க்' வேறு. முதல் பாடத்திலேயே இது வருகிறது. நாம் பேச்சில் இரண்டையும் 'ஆபத்து' என்றே சொல்லிவிடுகிறோம். தமிழில் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் எனக்கே புரியவில்லை என்றுதான் பொருள். டீ நேரத்தில் எங்கள் ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர்.

"எங்கள் ஊரில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் உண்டு தம்பி. கிணறு எப்போதும் கிணறுதான். காட்டுக்குள் யாரும் போகாத இடத்தில் கிடந்தால் ஒரு கவலை. பள்ளிக்கூடம் போகும் பாதையில் கிடந்தால் வேறு கவலை" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கிணற்றுக்குக் 'கேடு' என்றும், யார் விழக்கூடும், விழுந்தால் என்ன ஆகும் என்ற கணக்குக்கு 'இடர்' என்றும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இனி ஒவ்வொரு சொல்லையும் இப்படித் தமிழில் எழுதிக்கொண்ட பிறகே ஆங்கில விடைக்குப் போவேன்.

மார்ச் 3, ஞாயிறு

அந்தக் காரணத்தை இன்று எழுதுகிறேன்.

முன்பு நான் வேலை செய்த ஒரு பட்டறையில், பத்தொன்பது வயது ஹெல்பர் ஒருவனுக்கு வலது கண் போயிற்று. கையில் பிடிக்கும் ஐந்து அங்குல கிரைண்டரில் கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு, இரும்பு வெட்டும் ஏழு அங்குல கட்டிங் வீலை மாட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுத்துளை ஒரே அளவு என்பதால் அது மாட்டிக்கொள்ளும். மெஷினின் வேகம் நிமிடத்துக்கு 11,000 சுற்று. வீலில் அச்சிட்டிருந்த உச்ச வேகம் 8,500. அந்த வீலின் விளிம்பு வினாடிக்கு 80 மீட்டர் வரைதான் தாங்கும். அந்த மெஷினில் அது ஏறக்குறைய 104 மீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும். இந்தக் கணக்கை இந்த வாரம்தான் போட்டுப் பார்த்தேன். போட்டு முடித்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி. நானும் அதில் கையெழுத்துப் போட்டேன்.

பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்இ வெளியிட்ட விபத்து விசாரணைக் கையேடு, எச்எஸ்ஜி 245, இலவசமாகக் கிடைக்கிறது. உடனடிக் காரணத்தோடு நின்றுவிடாதே, அதற்கு அடியில் இருப்பதைக் கேள், அதற்கும் அடியில் வேரைத் தேடு என்கிறது. அந்த வரிசையில் கேட்டுப் பார்த்தேன். ஏழு அங்குல மெஷின் எங்கே? ரிப்பேருக்குப் போயிருந்தது. மாற்று மெஷின் ஏன் வரவில்லை? யாரிடமும் கேட்கவில்லை. லோடு அன்று மாலையே போக வேண்டும் என்று அவனிடம் சொன்னது யார்? நான்.

எந்தப் பாடக்குறிப்பைக் கையில் எடுத்தாலும் அந்த நாளை அதன் முன் வைத்துப் பார்க்கிறேன். அதைப் பற்றி அது ஏதாவது சொன்னால் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால், எத்தனை பேர் பரிந்துரைத்தாலும் எனக்கு வேண்டாம். பென் டிரைவிலிருந்து நான்கு கோப்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

மார்ச் 4, திங்கள்

தேசியப் பாதுகாப்பு நாள். 1966இல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்ட நாள் இது. காலையில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தோம், சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள்.

ஐஜி2க்கு ஐந்து வகைகளிலாவது பத்துக் கேடுகளை எங்கள் பட்டறையிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். உறுதிமொழி முடிந்ததும் புத்தகத்தின் ஒன்பதாம் பாடத்தோடு ஸ்டோருக்குப் போனேன். கட்டிங் வீல்களின் நடுவில் தகர வளையம் ஒன்று இருக்கும். அதில் பொடி எழுத்தில் காலாவதித் தேதி குத்தியிருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அதைப் படித்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேல் தட்டில் எல்லாம் சரி. கீழ்த் தட்டில், சுவரோரம் ஈரம் ஏறிய அட்டைப்பெட்டியில் இருந்தவற்றில் 'வி 10/2023' என்றிருந்தது. இருபத்திரண்டு வீல்கள்.

ஸ்டோர் கீப்பர் மறுப்புச் சொல்லவில்லை. ஃபிட்டர் அண்ணன் அங்கேயே ஒவ்வொன்றையும் சுத்தியலால் உடைத்துப் போட்டார். ஒரு வளையத்தை மட்டும் தனியே பெயர்த்து என் கையில் கொடுத்து, "நோட்டில் ஒட்டி வைத்துக்கொள் தம்பி" என்றார். ஒன்பதாம் பாடத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.