பாலேக் பூலாவ் சேற்றில் ஓர் உயிரியல் பாடம்

பினாங்கில் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு, பாடத்தில் வரும் சதுப்புநிலக் காடு பாலேக் பூலாவ் பக்கம் நிஜமாகவே இருக்கிறது. ஆனாலும் ஐந்தாம் படிவ மாணவர்களில் பலர் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. கடலோரம் அவிசென்னியாவும் சொனரேஷியாவும், அடுத்து ரைசோஃபோரா, உள்ளே புருகுயேரா என்ற மர வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

சேற்றில் இறங்கினால் எல்லா இடத்திலும் அந்த வரிசை இருக்காது. நான் கூட்டிப்போகும் இடத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசையிலேயே ரைசோஃபோரா, அதாவது மலாயில் பாக்காவ், நிற்கிறது. "டீச்சர், அப்போ புத்தகம் தப்பா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பக்சிக்கை, அதாவது மலாய் மீனவப் பெரியவரை, கேட்கச் சொன்னேன். 2004 சுனாமிக்கு அப்புறம் ஆட்கள் வந்து நட்டவை என்றார். உடனே பிள்ளைகள் திரும்பிப் பார்த்து, மரங்கள் சம இடைவெளியில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதைத் தாங்களாகவே கவனித்து, அப்படியென்றால் தானாக வளர்ந்த காடு எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். வேர்கள் வண்டலைப் பிடித்துவைக்க, நிலம் மெல்ல மேடாகி அடுத்த இனத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதை வகுப்பில் எத்தனை முறை விளக்கியும் பிடிபடாதவர்களுக்கு, வரிசை மாறியிருந்த அந்த இடத்தில்தான் பிடிபட்டது. புத்தகத்தோடு ஒத்துப்போகும் இடத்தை விட ஒத்துப்போகாத இடமே நல்ல பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மற்றவை தானாக வரும். அவிசென்னியா இலையை நக்கிப் பார்த்து உப்புக் கரிக்கிறது என்று கத்துவார்கள். சேற்றில் வரும் அழுகிய முட்டை நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தவர்களிடம், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன என்று சொன்னால், மரம் ஏன் வேரை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள், வகுப்பில் மலாயில் தயங்கிப் பேசுபவர்கள்கூட, அங்கே ஒருவருக்கொருவர் தமிழில் விளக்கிக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்கள் பெற்றோர் கடிதத்துக்கு முன்பே கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் இந்த வாரம் சரியாக இருந்த நேரம் அடுத்த வாரம் முழங்கால் தண்ணீராக இருக்கலாம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் புத்தக வரிசைதான், அதில் குழப்பம் வேண்டாம். போய்வந்த பிள்ளைகள் அந்த வரிசையோடு காரணத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள்.